கொழுந்தும் கலப்பிரிவும்

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ஒரு கலம் தன்னைப் போன்ற இரண்டாகப் பிரியும் இழையுருப்பிரிவின் அவத்தைகளை, அதாவது கட்டங்களை, பிழையின்றி வரைவேன். ஆனால், "ஒரு கலம் இரண்டானால் யாருக்கு என்ன?" என்று கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா கேட்டபோது, "வளர்வதற்கு" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. மாறுபாட்டைத் தருவது இனப்பெருக்கக் கலங்களை உண்டாக்கும் ஒடுக்கற்பிரிவுதான், இழையுருப்பிரிவு வெறும் நகல் என்கிறான் உடன் படிக்கும் நண்பன். உண்மையா?

ஒரு மாணவி, பொகவந்தலாவை

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்கு அவர் பறிக்கும் செடியையே காட்டிச் சொல்லுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியதும், கீழே இலைக் கக்கத்தில் அடங்கிக் கிடந்த அரும்பு விழித்துக்கொள்கிறது. அதன் நுனிக் கலங்கள் பிரிந்து பிரிந்தே புதுக் கொழுந்து எழும்புகிறது. கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற மலை மறுபடி பச்சை பிடிப்பதும் அப்படித்தான்.

"வெறும் நகல்" என்று உங்கள் நண்பர் தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன். பிசகாத நகல்தான் இங்கே அருமை. தேயிலைக் கலத்தில் டி.என்.ஏ.யைச் சுமக்கும் 30 நிறமூர்த்தங்கள் உண்டு, நமக்கு 46. பிரிவதற்கு முன்பே டி.என்.ஏ. முழுவதும் இரட்டிக்கிறது. பிறகு ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் கதிர் நார்கள் என்ற நுண்ணிய இழைகள் கலத்தின் இரு முனையிலிருந்தும் பற்றுகின்றன. ஒன்று பிடிபடாமல் நின்றாலும் கலம் பொறுத்திருக்கும்; அதுவும் சரியாகப் பிடிபட்ட பிறகே இழுத்துப் பிரிக்கும். நீங்கள் வரையும் அனுவவத்தைப் படத்தில் நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கின்றனவே, அந்தக் காத்திருப்பு அதுதான்.

தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓர் இலையும் அதன் கக்க அரும்பும் உள்ள சிறு தண்டுத் துண்டைப் பையில் நடுகிறார்கள். சில வாரங்களில் வெட்டிய முனையில் கலங்கள் பிரிந்து வெளிறிய தடிப்பு கட்டும். வேர் அதன் பிறகு வரும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தெரிவுசெய்த தாய்ச்செடிகளின் குணம் மலை மலையாகப் பரவியது இப்படித்தான். விதை போட்டிருந்தால் செடிக்குச் செடி வேறுபட்டிருக்கும். நண்பர் பக்கத்து நியாயமும் இங்கேதான் இருக்கிறது: ஒரே குணமுள்ள செடிகளை ஒரே நோய் சாய்த்துவிடலாம். புதிய இனம் தேடுகிறவர்கள் மகரந்தச் சேர்க்கைக்கும் ஒடுக்கற்பிரிவுக்கும்தான் திரும்ப வேண்டும்.

நம் உடலில் இந்தப் பிரிவு தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடிய சாட்சி கார்த்திகைக் கிழங்கு. அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு கதிர் நார்களை உருவாகவிடாது. வற்றாளங்கிழங்கு என்று எண்ணி அதை உண்டவர்களுக்கு முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் காணும். பிறகு என்பு மச்சை சோர்ந்து குருதிக் கலங்கள் குறையும். உயிர் தப்பியவர்களுக்கும் தலைமயிர் கொட்டுவதுண்டு. குடலின் உட்சுவர், மச்சை, மயிர்வேர்: உடலில் ஓயாமல் கலம் பிரியும் இடங்கள் இவை. அதனால்தான் அடியும் இங்கே பலமாக விழுகிறது.

குருதியிலுள்ள ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்களே வாழும். கரு இல்லாத அது தானாகப் பிரியவும் முடியாது. மச்சையிலுள்ள கலங்கள் பிரிந்துதான் அதன் இடத்தை நிரப்ப வேண்டும். பரீட்சைத் தாளில் "வளர்ச்சி" என்று எழுதியதும் நிறுத்திவிடாமல், "இழந்ததை ஈடுசெய்தல்" என்றும் எழுதுங்கள். அதற்குச் செங்குழியத்தை உதாரணம் காட்டுங்கள்.