பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் படிப்பு முறைக்கு வெளிநாட்டு மாணவர்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கோவையில் பி.காம். முடித்தவர். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓராண்டு மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேரவிருக்கிறார். அங்குள்ள பாடமுறை பிடிபட எவ்வளவு காலம் ஆகும், பகுதி நேர வேலையும் பார்த்துக்கொண்டு படிக்க முடியுமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். நான் லீட்ஸ் நகரில் சமூக அறிவியல் துறையொன்றில் முதுநிலையும், அதன்பின் முனைவர் பட்டமும் படித்தேன். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் செமினார் வகுப்புகள் எடுத்திருக்கிறேன், மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் இட்டிருக்கிறேன். குளிர், வாடகை, சாப்பாடு பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள் என்பதால், படிப்பைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன்.

பாடமுறை பிடிபடாமல் போவதில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் பிடிபட்டுவிடுகிறது. சிக்கல் கால அளவில்தான் இருக்கிறது. அந்நாட்டு இளநிலை மாணவர்களும் பள்ளியிலிருந்து வந்த புதிதில் இதே தடுமாற்றத்தை அனுபவிக்கிறார்கள், ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் முதலாண்டு மதிப்பெண் இறுதித் தரத்தில் சேராது, தேர்ச்சி பெற்றால் போதும். ஆகவே அவர்களுக்குத் தடுமாறுவதற்கென்றே ஓர் ஆண்டு கிடைக்கிறது. ஓராண்டு முதுநிலைக்கு வருபவருக்கு அந்த வசதி இல்லை. செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்கி, டிசம்பரில் முதல் பருவம் முடிந்து, ஜனவரியில் முதல் கட்டுரைகளை ஒப்படைத்து, அவற்றின் மதிப்பெண் கைக்கு வரும்போது இரண்டாம் பருவம் பாதி ஓடியிருக்கும். எழுதும் முறை தவறு என்று அப்போதுதான் ஒருவருக்குத் தெரியவருமானால், படிப்பின் பெரும்பகுதி கையைவிட்டுப் போயிருக்கும்.

முதல் வாரத்தில் கால அட்டவணையைப் பார்த்ததும் நம் மாணவர்களுக்கு ஏற்படுவது மகிழ்ச்சியா கோபமா என்று சொல்வது கடினம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு, வாரத்தில் பத்து மணி நேரம் அளவுக்கே வகுப்பு இருப்பதைக் கண்டு, இத்தனை லட்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு இவ்வளவுதான் சொல்லித்தருவார்களா என்று தோன்றும். அந்த அட்டவணையின் கணக்கு வேறு. முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரப் படிப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது 15 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணி நேரம். அதில் வகுப்பறையில் கழிவது இருபது மணி நேரம் சொச்சம் இருக்கலாம். மீதியெல்லாம் நீங்கள் தனியாகப் படிக்கவும் எழுதவும் விடப்பட்ட நேரம். அட்டவணையில் வெறுமையாகத் தெரியும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உண்மையில் பாடவேளைகளே என்பதை முதல் மாதத்திலேயே உணர்ந்து, அந்த நாட்களில் நூலகத்திற்குப் போய் உட்கார்ந்தவர்கள் பின்னால் அதிகம் சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதன்மையான வேலை வாசிப்பு. ஒவ்வொரு பாடத்திற்கும் வாரந்தோறும் இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகள் கட்டாயம் என்றும், அதற்குக் கீழே ஒரு நீண்ட பட்டியல் விருப்பப்பட்டால் படிக்கலாம் என்றும் கொடுத்திருப்பார்கள். பாடப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உருப்போட்டுப் பழகிய நாம், ஆய்வுக் கட்டுரையையும் அப்படியே படிக்கத் தொடங்கி, மூன்றாவது பக்கத்தில் புள்ளியியல் அட்டவணையில் சிக்கிக்கொள்கிறோம். கட்டுரையாளர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார், எந்தச் சான்றைக் கொண்டு, யாரை மறுத்து, என்ன முடிவுக்கு வந்தார் என்ற நான்கையும் உங்கள் சொற்களில் அரைப் பக்கம் எழுதிவைத்துக்கொள்வதே போதுமான வாசிப்பு. மஞ்சள் மை பூசிய பக்கங்களைவிட அந்த அரைப் பக்கம் ஜனவரியில் பலமடங்கு உதவும்.

செமினார் என்பது பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து அந்த வாசிப்பை விவாதிக்கும் வகுப்பு. நான் நடத்திய குழு ஒன்றில் திருச்சியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். கட்டுரை முழுவதையும் அச்செடுத்து, ஓரங்களில் நெருக்கமாகக் குறிப்பெழுதிக்கொண்டு வருவார். வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அவருக்கு எதிரே, சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருந்த உள்ளூர்ப் பையன் பத்து நிமிடம் தடையில்லாமல் பேசுவான். (முழுக்கப் படித்தவர் மௌனமாக இருப்பதும் படிக்காதவர் பேசுவதும் பிரிட்டனுக்கு மட்டும் உரிய காட்சியல்ல என்பது வேறு விஷயம்.) அந்த மாணவர் ஒருநாள் என்னைத் தனியாகச் சந்திக்க வந்தபோது, விடை சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து படித்துவிடுங்கள் என்றேன். உலகளாவிய ஆடை வணிகம் பற்றிய அந்த வாரத்துக் கட்டுரை பெரிய நிறுவனங்களின் தொழிற்சாலைகளை மட்டுமே ஆராய்ந்திருந்தது. திருப்பூரில் தைப்பது, சாயமேற்றுவது, பிரிண்டிங் எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கிறதே, அங்கே தொழிலாளர் விதிகளைக் கண்காணிப்பது யார், இந்தக் கட்டுரையின் முடிவு அங்கே செல்லுமா என்று அவர் கேட்டார். ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று மற்றவர்கள் அவரை விசாரிக்கத் தொடங்கி, எஞ்சிய நேரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போயிற்று. கோவையிலிருந்து வரும் ஒரு பி.காம். பட்டதாரிக்கும் இப்படிப்பட்ட சரக்கு நிறையவே இருக்கும். அதைத் தேர்வுக்கு உதவாத ஊர்க்கதை என்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தைத்தான் கைவிட வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் விஷயம் இதைவிடக் கடுமையானது. முதுநிலையில் 50 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் மெரிட், 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். 80க்கு மேல் போடுவது அரிது. ஊரில் 85 விழுக்காடு வாங்கியவர் 58 என்று பார்த்ததும் இடிந்துபோய்விடுகிறார். ஆனால் முதல் கட்டுரைக்கு 58 என்பது ஒப்புக்கொள்ளத்தக்க தொடக்கம். நான் திருத்திய கட்டுரைகளில் ஐம்பதுகளில் நின்றவை பெரும்பாலும் உழைப்புக் குறைவால் அங்கே நிற்கவில்லை. கேள்வி ஒரு கோட்பாட்டை மதிப்பிடச் சொல்லியிருக்கும். விடை அந்தக் கோட்பாட்டின் வரையறை, வரலாறு, வகைகள், நன்மைகள், தீமைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசிப் பத்தியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடிந்திருக்கும். பாயிண்ட் பாயிண்டாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் விழும் என்ற நம் தேர்வுமுறையின் பழக்கம் அது. இங்கே முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாடு என்ன என்று சொல்லிவிட்டு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் போதவில்லை என்று காட்டுபவருக்கே அறுபதைத் தாண்டிப் போடுகிறார்கள். தாளில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். ஒரு பகுதியை இரண்டாமவர் பார்ப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தேர்வாளரும் மேற்பார்வை செய்வார். எனவே மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும்படி ஆசிரியரிடம் கேட்பதில் பயனில்லை. நடைமுறையில் பிழை நடந்திருந்தால் மட்டுமே மேல்முறையீடு நிற்கும். தவறியவர் மீண்டும் எழுதலாம், ஆனால் அரியர் எழுதி அள்ளிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், மறுமுறைக்குப் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டார்கள்.

இதனால்தான் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதிப்பெண் இல்லாத பயிற்சிக் கட்டுரை ஏதாவது எழுதச் சொன்னால், அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கணக்கில் வராததை எதற்கு எழுதுவது என்று பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். ஜனவரிக்கு முன் உங்கள் எழுத்தை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு அது ஒன்றுதான். அப்படி வரும் கருத்துகள் மிக மென்மையாக இருக்கும். முதலில் இரண்டு வரி பாராட்டிவிட்டு, இன்னும் சற்று யோசிக்கலாம் என்பதுபோல ஒன்று இருந்தால், கட்டுரையின் மையமான குறை அதுவே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாளும் விதியில் தெரியாமல் செய்துவிட்டேன் என்ற விளக்கம் செல்லாது. கட்டுரையில் எவ்வளவு பகுதி பிற எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று டர்னிடின் மென்பொருள் காட்டும் விழுக்காட்டைக் கண்டு பலரும் பதறுகிறார்கள். மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேர்ந்துவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்குவதில்லை, குறைந்த எண் காட்டியதால் தப்பித்துவிடுவதும் இல்லை. ஒருவருடைய கருத்தை உங்கள் சொற்களில் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே பலர் கோட்டைவிடும் இடம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை, ஆய்வில் முன்னணியில் இருக்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமத்தின் 24 பல்கலைக்கழகங்களும் 2023 ஜூலையில் பொதுவான கொள்கைகளை வெளியிட்டன. ஆனால் எந்த அளவுக்கு அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறுவதால், ஒவ்வொரு பாடத்தின் கையேட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேராசிரியரை முதற்பெயர் சொல்லி அழைக்க நாக்கு கூசும். ஒரு மாதத்தில் அது பழகிவிடும். அதைவிட முக்கியமானது, ஆசிரியர்கள் மாணவரைச் சந்திப்பதற்கென்று வாரந்தோறும் ஒதுக்கும் நேரத்தைப் பயன்படுத்துவது. போனால் மக்கு என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கத்தில் நம்மவர்கள் போவதில்லை. அறையில் அவர் தனியாகவே உட்கார்ந்திருப்பார். உடல்நலக் குறைவோ ஊரில் துக்கமோ நேர்ந்தால், கெடு முடிவதற்குள் சான்றுடன் விண்ணப்பித்துக் கூடுதல் நாட்கள் பெற முறையான வழி இருக்கிறது. சொல்லாமல் பொறுத்துக்கொண்டு தாமதமாக ஒப்படைத்தால், பல பல்கலைக்கழகங்களில் நாளொன்றுக்கு ஐந்து மதிப்பெண் கழியும். லீட்ஸில் டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது, கட்டுரைகள் எழுத வேண்டிய வாரங்களும் அவையே என்பதால், மனச்சோர்வு அப்போதுதான் பலரைப் பிடிக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள். வந்த முதல் வாரமே அருகிலுள்ள பொது மருத்துவரிடம் பதிவு செய்துவிட்டால், அந்த நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.

பகுதி நேர வேலை பற்றிய கேள்விக்கு வருகிறேன். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 15, மறுவாரம் 25 என்று சராசரி பார்க்க முடியாது. முதுநிலை மாணவர்கள் கோடையை விடுமுறை என்று கருதி முழுநேர வேலையில் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பொதுவாகப் பருவ காலமே, 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. செயலிகள் மூலம் உணவு கொண்டுசேர்க்கும் வேலை சுயதொழிலாகக் கருதப்படுவதால், மாணவர் விசாவில் அதைச் செய்யவே கூடாது. என் கருத்தில், முதல் பருவத்தில் வாரம் எட்டு முதல் பத்து மணி நேரம்வரை போதும், அதுவும் வளாகத்திலேயே கிடைத்தால் நல்லது. கட்டணத்தின் ஒரு பகுதியை வேலை செய்தே அடைத்துவிடலாம் என்ற கணக்கோடு வந்தவர்கள்தான் வகுப்பைத் தவறவிட்டு, வருகைப் பதிவில் சிக்கி, விசாவுக்கே ஆபத்து தேடிக்கொள்கிறார்கள். ஆய்வேடு மட்டும் 60 கிரெடிட், அதாவது பட்டத்தில் மூன்றிலொரு பங்கு. கோடையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டு அதை எழுத முடியாது. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் பட்டதாரி விசா இதுவரை இரண்டு ஆண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. உங்கள் படிப்பு முடியும் தேதியை வைத்து எது பொருந்தும் என்று பார்த்துக்கொண்டு, கடன் தவணைக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள்.