மலையில்லாத ஊரில் மலை சைக்கிள்

கேள்வி: மவுண்டன் பைக் வாங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கே ஓடுவது? செயின் வேறு அடிக்கடி கறள் பிடிக்கிறது. (வாசகர், கொக்குவில்)

பதில்: மலை இல்லையென்றால் என்ன, மணல் இருக்கிறதே! வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கும் மணற்காட்டுக்குப் போங்கள். சவுக்கந்தோப்பு ஓரத்துப் பாதைகளில் ரயர் காற்றை 20-25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் புதையாமல் ஓடலாம். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு கைப்பம்பு அவசியம். மேட்டில் படர்ந்த அடம்பன் கொடியை மட்டும் உழக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது வழியிலுள்ள வல்லை வெளியில் உயிரை வாங்கும். ஆகவே விடியவே வெளிக்கிடுங்கள்.

கறளுக்குக் காரணம் உப்பு. வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, பழந்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி செயின் எண்ணெய் விடுங்கள். வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கிறீஸ் அப்பினால் மணல் ஒட்டிப் பற்சில்லை அராவிவிடும். அப்புறம், அடிமட்டத்தால் செயினை அளந்து பாருங்கள்: ஒரு ஆணியின் நடுவிலிருந்து அதற்கடுத்த 24ஆவது ஆணியின் நடு வரை 12 அங்குலம் வரவேண்டிய இடம் பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒன்று கூடினால் பெரும்பாலும் பின் பற்சில்லும் சேர்ந்தே போயிருக்கும்.