நவம்பர் இறுதியில் போர்ச்சுகல் கடற்கரைக்குச் செல்லலாமா?

நாகர்கோவிலிலிருந்து நவம்பர் இறுதியில் பெற்றோருடன் லிஸ்பனுக்கும், பேரலைகளுக்குப் பெயர்பெற்ற கடற்கரை ஊரான நாசரேக்கும் செல்வது உகந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லலாம். குமரியில் அப்போது ஆறு மணியளவில் மறையும் சூரியன் லிஸ்பனில் 5.15 மணியளவிலேயே மறைந்துவிடும். மழையில் நனைந்த கல் நடைபாதைகள் வழுக்கும் என்பதால் பெற்றோருக்குப் பிடிமானமுள்ள காலணி கட்டாயம் தேவை.

நாசரேயைத் தவறவிடாதீர்கள். கரையை ஒட்டியே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை அட்லாண்டிக் புயல்கள் எழுப்பும் அலைகளை விசை குன்றாமல் கரையருகே கொண்டுவந்து, ஆழமற்ற பகுதி வழியே வரும் அலைகளோடு சேர்த்து உயர்த்துகிறது. 2020இல் ஜெர்மன் அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கியது இங்கேதான். முட்டத்துப் பாறைகளில் மோதும் கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அது புதிய காட்சி. பேரலை தினமும் எழுவதில்லை. ஆகவே இரண்டு இரவுகள் தங்கி, மணலில் இறங்காமல், கலங்கரை விளக்கமுள்ள கோட்டையிலிருந்து பாருங்கள்.