40 டொமைனுக்கு எந்த சர்வர்?

கேள்வி: ஐயா, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் சின்னதாக வெப் டிசைன் கடை வைத்திருக்கிறேன். விருந்தினர் விடுதிகள், ஒரு கோவில் சங்கம், டால் பூரிக் கடை என்று 40 பேரின் டொமைன் (இணையப் பெயர்) என் கையில் இருக்கிறது. டிஎன்எஸ்ஸை, அதாவது பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவையை, நானே நடத்தலாம் என்று நினைக்கிறேன். ஒரு சர்வர் போர்ட் லூயிஸில். இன்னொன்று பக்கத்துத் தீவான ரியூனியனில், மச்சான் பார்த்துக்கொள்வான். பைண்ட், பவர்டிஎன்எஸ், என்எஸ்டி: எந்த மென்பொருளைப் போடலாம்? பைண்ட்தான் பழகியது என்கிறார்கள்.

பதில்: தம்பி, என்எஸ்டி போடுங்கள்.

பைண்ட் 1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, எல்லா வேலையும் செய்யும். உங்களுக்கு எல்லா வேலையும் எதற்கு? உங்கள் 40 பெயர்களுக்குப் பதில் சொன்னால் போதும். ஊரார் கேட்கிற மற்ற பெயர்களையும் தேடிக் கொடுக்கும் வசதி பைண்டில் உண்டு. அதைத் தப்பித் தவறி உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டால், எவனோ எவனையோ அடிக்க உங்கள் சர்வரைக் கவணாக எடுத்துக்கொள்வான். ஆம்ஸ்டர்டாமின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய என்எஸ்டிக்கு அந்தத் தேடும் வேலையே தெரியாது.

பவர்டிஎன்எஸ் பெயர்களை டேட்டாபேஸில் வைக்கும். வாடிக்கையாளர்களே உள்ளே வந்து மாற்ற வேண்டுமென்றால் அது அருமை. டால் பூரிக் கடைக்காரர் அப்படிக் கேட்க மாட்டார். டேட்டாபேஸ் ஒன்றைக் கூடுதலாகக் கட்டி மேய்ப்பானேன்?

என்எஸ்டியில் எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதனால் உங்கள் எதிரி ஒரு புள்ளி. ஒரு தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம், ஒரு சங்கத்தின் மெயில் சர்வரை மாற்றினேன். மெயில் பெயரின் கடைசியில் வைக்க வேண்டிய புள்ளியை விட்டுவிட்டேன். புள்ளி இல்லையென்றால் சர்வர் டொமைன் பெயரை இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். உலகில் இல்லாத அந்த நீளப் பெயரைத் தேடி வந்த கடிதமெல்லாம் திரும்பிப் போயிற்று. நானோ இரண்டு நாள் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே பைண்டோடு வரும் ‘நேம்ட்-செக்ஜோன்’ கருவியை மட்டும் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெயில் பெயருக்கு முகவரியே இல்லை என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அப்புறம், ஃபைலைத் திருத்தும்போதெல்லாம் அதிலுள்ள சீரியல் எண்ணை (பதிப்பு எண்) ஏற்றுங்கள்; ஏற்றாவிட்டால் இரண்டாவது சர்வர் புதிய நகலை எடுக்காது. நகல் போவது டிசிபி என்ற அனுப்பு முறையில், சர்வரின் 53-ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக. சாதாரணக் கேள்விகள் வருகிற யுடிபி முறையை மட்டும் திறந்துவிட்டு முழிக்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி 15 நினைவிருக்கிறதா? பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தன. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு டிஎன்எஸ் சர்வரும் தரைத்தளத்தில், ஒரே ரேக்கில். மேலும் கீழுமாக வைத்துவிட்டு, இரண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். தண்ணீர் மேல் சர்வரைத் தொடவில்லை, ஆனால் இரண்டுக்கும் கரண்ட் ஒன்றுதான்.

மச்சான் இருக்கிறாரே என்பீர்கள். அதே பெலால் அதே நாளில் ரியூனியனையும் அடித்தது. இரண்டாவது சர்வரை ஜோகன்னஸ்பர்க்கிலோ பாரிஸிலோ வாடகைக்கு எடுங்கள். இந்த வேலைக்கு மிகச் சிறியதே தாராளம். அதில் என்எஸ்டி வேண்டாம், செக் நாட்டவர்களின் நாட் டிஎன்எஸ் போடுங்கள். 2015 ஜூலையில், ஒரே ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) அனுப்பி பைண்டைச் சாய்க்கும் ஓட்டை வெளியானது. அன்று இரண்டு சர்வரிலும் பைண்டே வைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது இருந்தும் பயனில்லை. எக்ஸ்பயர் நேரத்தை 1209600 விநாடி, அதாவது 14 நாள் வையுங்கள். இங்கே முதல் சர்வர் மூழ்கினாலும் அங்கே உள்ளது அதுவரை பதில் சொல்லும்.

மச்சானின் சர்வரை விட வேண்டாம், மூன்றாவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டில் உங்களுக்கு வேறு புயல்.