ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பக்கவிளைவு குழந்தைக்குக் குழந்தை மாறுவது ஏன்?

ஒரே நோய்க்கு ஒரே அளவில் மருந்து கொடுத்தும் ஒரு குழந்தைக்கு மட்டும் வெள்ளை அணுக்கள் அடியோடு சரிவதற்கு மரபணு காரணமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகப் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லா மருந்துகளுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது, ஆனால் மெர்காப்டோப்யூரின் மாத்திரையைப் பொறுத்தவரை மரபணுவின் பங்கில் ஐயமே இல்லை.

தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயின் பராமரிப்புக் கட்டத்தில், அதாவது அடங்கிய நோய் திரும்பாமல் தடுக்கும் கட்டத்தில், இந்த மாத்திரையை ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் கொடுக்க வேண்டியிருக்கும். உடலுக்குள் இது தயோகுவானின் நியூக்ளியோடைடுகள் என்னும் வேதிப்பொருள்களாக மாறித்தான் புற்றணுக்களைக் கொல்கிறது. அந்த வேதிப்பொருள்கள் மிகுந்துவிட்டால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அடிபடுகிறது. மருந்தின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்து அந்த மிகுதியைத் தடுப்பது டிபிஎம்டி என்னும் நொதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதன் பழுதான மரபணுவைப் பெற்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். வழக்கமான அளவு இவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, அதையும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் கொடுத்துத் தொடங்கும்படி வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

டிபிஎம்டி இயல்பாக இருந்தும் அணுக்கள் சரிந்த ஆசியக் குழந்தைகள் பலருக்கு நெடுங்காலம் விளக்கம் கிடைக்கவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதே மருந்தின் வீரியத்தைத் தணிக்கும் மற்றொரு நொதிக்கான என்யூடிடி15 என்ற மரபணுவை அடையாளம் காட்டிய பிறகே அது புரிந்தது. இதன் மாறுபாடு கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் பரவலாகவும், ஐரோப்பியரிடம் அரிதாகவும் காணப்படுகிறது. ஆகவே தெற்காசியக் குழந்தைக்கு டிபிஎம்டியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இதே நோய்க்குக் கொடுக்கும் வேறு மருந்துகளில், வின்கிறிஸ்டின் தரும் நரம்புப் பாதிப்புக்கு சிஇபி72 என்ற மரபணு, அஸ்பாரஜினேஸ் தரும் ஒவ்வாமைக்கு எச்எல்ஏ என்னும் நோயெதிர்ப்பு மரபணுக்களின் சில வகைகள் என்று தொடர்புகள் பேசப்பட்டாலும், அவற்றைக் கொண்டு அளவை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை.

பெற்றோர் பலர் அஞ்சுவதுபோல, மரபணுவின் அடிப்படையில் அளவைக் குறைப்பதால் சிகிச்சை வலுவிழப்பதில்லை. அந்தக் குழந்தையின் உடலில் குறைந்த மாத்திரையே போதிய வேலையைச் செய்துவிடும். ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அணுக்கள் குறைந்த அறிக்கையைப் பார்த்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது நோய் திரும்ப வழிவகுக்கும்.

பரிசோதனை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிபிஎம்டி நொதியின் செயல்பாட்டைச் சிவப்பணுக்களில் அளக்கும் முறையும் உண்டு. அண்மையில் ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு அது கொடையாளரின் நொதியையும் சேர்த்தே காட்டும் என்பதால், மரபணுப் பரிசோதனையையே கேட்டுப் பெறுங்கள்.