ஹெட்போன் எதற்காக வாங்கினீர்கள்?

வாசகர் கேள்வி: கடந்த இரண்டு மாதங்களில் இரவு வேளைகளில் ஏறக்குறைய இருபது படங்கள் பார்த்துவிட்டேன். திகில் படங்கள், பழைய படங்கள், வெளிநாட்டுப் படங்கள். பார்த்து முடித்ததும் நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி எழுதி நட்சத்திரம் போடுவேன். ‘சைக்கோ’: முடிவு முன்பே தெரிந்திருந்ததால் பயமே வரவில்லை, மூன்று நட்சத்திரம். ‘நோஸ்ஃபெராட்டு’: ஊமைப் படம், ஒன்றரை மணி நேரம் பேச்சே இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படித்தான் பார்த்தார்களோ, இரண்டு. ஜப்பானின் ‘ரிங்கு’: நான்கு. ‘டோக்கியோ ஸ்டோரி’: மெதுவான படம்தான், ஆனால் அழுதுவிட்டேன், பெற்றோரை அலைக்கழிக்கும் அந்த மகளைப் பார்த்து ஆத்திரம் வந்தது, ஐந்து. இதையெல்லாம் பேசுவதற்கு வீட்டில் ஆளில்லை. திகில் படம் என்றால் மனைவி எழுந்து போய்விடுகிறாள். அம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் “இவன் யார், அவள் ஏன் அழுகிறாள்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஹெட்போன் வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சினிமா ரசனையை எப்படி உண்டாக்குவது? இல்லை, தனியாகவே பார்த்துப் பழகிவிட வேண்டியதுதானா?

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. சிலர் பாட்டைப் பற்றி எழுதுவார்கள், சிலர் புத்தகத்தைப் பற்றி, ஒருவர் சதுரங்கத்தைப் பற்றிக்கூட எழுதினார். ‘என் ரசனைக்கு ஈடுகொடுக்க வீட்டில் ஆளில்லை’ என்ற குறை மட்டும் எல்லாக் கடிதங்களிலும் ஒன்றுதான். ‘உங்களைப் போன்ற நுண்ணுணர்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை’ என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

மனைவி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவருக்குத் திகில் படம் பிடிக்கவில்லை, எழுந்து போகிறார். அதில் தவறு எதுவும் இல்லை. பிடிக்காததை விட்டு எழுந்து போகத் தெரிந்தவரும் ரசனை உள்ளவர்தான். அவரை விட்டுவிடுங்கள்.

எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவருக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பிப் படித்த வரி, ஹெட்போன் பற்றியது. நட்சத்திரங்களுக்கும் மனைவிக்கும் நடுவில், போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தம்பி, அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்தீர்களா? திரையில் படம் ஓடுகிறது. ஒலி முழுவதும் உங்கள் காதுக்குள் போகிறது. கீழே ஓடும் சப்டைட்டிலை உங்கள் அம்மாவால் படிக்க முடிந்திருந்தால், இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டிருக்க மாட்டார். ஆக, ஒலியும் இல்லாமல், மொழியும் தெரியாமல் அவர் இரண்டு மாதமாக உங்கள் அருகில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்.

ஊமைப் படத்தை எப்படித்தான் பார்த்தார்களோ என்று கேட்டீர்கள் அல்லவா? பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். இப்படித்தான் பார்த்தார்கள்.

இல்லை, அதுவும் சரியல்ல. ‘நோஸ்ஃபெராட்டு’ 1922-இல் வெளியானபோது அதற்கென்றே ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய இசை இருந்தது. இசைக்குழு ஒன்று அரங்கில் உட்கார்ந்து வாசித்தது. காட்சிகளுக்கு நடுவே வந்த எழுத்து அட்டைகள் பார்வையாளரின் மொழியில் இருந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன்பு டிக்கெட் வாங்கிய ஒரு ஜெர்மானியருக்குக் கிடைத்த அந்த வசதி, நீங்கள் இருக்கும் அறையில் உங்கள் அம்மாவுக்கு இல்லை. இதில் இரண்டு நட்சத்திரம் யாருக்குப் போட வேண்டும்?

‘சைக்கோ’வுக்கு நீங்கள் சொன்ன குறையும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டதால் பயமில்லையாம். 1960-இல் அந்தப் படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக், படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று விளம்பரத்திலேயே கேட்டுக்கொண்டார். முடிவு தெரியாத ஒரு பார்வையாளருக்காக அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் அந்தப் பயம் திரும்பக் கிடைத்திருக்கும். தெரிந்த கதையை மறுபடியும் புதிதாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

அந்தக் குளியலறைக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹிட்ச்காக் முதலில் அதற்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் வைத்துக் கீறலாக ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். அதைக் கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். இன்று அந்தக் காட்சியை நினைத்தாலே நமக்கு முதலில் கேட்பது அந்த வயலின்கள்தான். அவை இல்லாமல் பார்த்தால், ஒரு பெண் குளிக்கிறாள், திரைச்சீலை விலகுகிறது, வாய் திறந்து மூடுகிறது. அம்மா பார்த்த ‘சைக்கோ’ அவ்வளவுதான். பக்கத்தில் அவருடைய மகன் மட்டும் திடீரென்று தூக்கிவாரிப் போட்டவன்போல் அசைந்திருப்பான். ஓ, பயமே வரவில்லை என்றீர்கள், மறந்துவிட்டேன்.

எனக்கு இடது காது பாதி கேட்காமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது பிறர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் சிரித்து ஒரு நொடி கழித்து நானும் சிரிப்பேன். “என்ன சொன்னார்?” என்று இரண்டு முறை கேட்கலாம், மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருக்கும், பேசாமல் இருந்துவிடுவேன். ஆகவே இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். ‘அந்தத் தொல்லை இல்லை’ என்று நீங்கள் எழுதியதை நான் அந்தக் காதால்தான் படித்தேன். அவருக்குக் கதை புரிந்துவிட்டதால் கேள்வி நிற்கவில்லை. உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்ததால் நின்றது.

நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள் என்று தொடங்கும் பிரசங்கம் ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்குச் செய்யப்போவதில்லை. அதை எழுதுவதற்குள் எனக்கே அலுத்துவிடும்.

‘டோக்கியோ ஸ்டோரி’க்கு வாருங்கள். என் கோபம் அங்கேதான் இருக்கிறது. அந்த மகள் ஷிகேயைப் பார்த்து ஆத்திரம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன செய்தாள்? பெற்றோரை அடித்தாளா, துரத்தினாளா? அழகு நிலையம் நடத்துகிறவள், அவளுக்கு வேலை. அண்ணன் மருத்துவர், அவனுக்கும் வேலை. இருவரும் பணம் போட்டு, அப்பாவையும் அம்மாவையும் அட்டாமியில் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதானே? பெரியவர்களுக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு நிம்மதி. அங்கே இரவெல்லாம் மற்ற விருந்தினர்களின் கூச்சலில் இருவருக்கும் தூக்கம் வருவதில்லை, முன்னதாகவே திரும்பிவிடுகிறார்கள். ஓசு 1953-இல் எடுத்த அந்தப் படத்தில் கொடியவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. யாரும் தவறே செய்யாமல் எல்லோரும் தவறு செய்கிறார்கள். அதனால்தான் அது நெஞ்சைப் பிடிக்கிறது.

உங்கள் ஹெட்போனும் ஓர் அட்டாமிதான். நல்ல ஏற்பாடு. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அட்டாமியில் சத்தம் தூங்கவிடவில்லை, இங்கே சத்தமே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கிழவருக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அந்தக் கண்ணீரைப் பார்த்திருப்பார். எதற்கு அழுகிறான் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டிருப்பார்.

பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை என்றவுடன் நம்மில் பலர் மருந்து, மருத்துவர், படுக்கை என்று கணக்குப் போடுகிறோம். அதில் நீங்கள் குறை வைத்திருக்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். என் கணக்கு வேறு. கேள்விக்குப் பதில் சொல்வதும் கடமை. அதே கேள்வியை நாலாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்வது கடமை. இதைப் பழைய பஞ்சாங்கம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

‘ரிங்கு’வை நீங்கள் பார்த்துவிட்டதால் உங்களிடம் சொல்லலாம், மற்ற வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சாபம் பிடித்த அந்த ஒளிநாடாவைப் பார்த்தவர் பிழைக்க வேண்டுமானால், அதைப் படியெடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். கடைசியில் அந்தப் பெண் தன் மகனைக் காப்பாற்ற யாரைத் தேடிக் காரில் போகிறாள்? தன்னைப் பெற்ற அப்பாவை. கஷ்டம் வந்தால் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெற்றவர்கள்தான். படம் முழுவதிலும் எனக்குத் திகிலாக இருந்தது அந்தக் கார்ப் பயணம் மட்டுமே. நீங்கள் போட்ட நான்கு நட்சத்திரத்தில் அதற்கு எத்தனை என்று தெரியவில்லை.

ரசனையை எப்படி உண்டாக்குவது என்று கேட்டீர்கள். உண்டாக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம், இருபது படம், ஒலி இல்லாமல், எழுந்து போகாமல் பார்த்த ஒருவருக்கு நீங்கள் ரசனை கற்றுத்தரப் போகிறீர்களா? அவருக்குத் திகில் பிடிக்குமா, அழுகை பிடிக்குமா என்றாவது கேட்டதுண்டா?

செய்ய வேண்டியது வேறு. ஜப்பானில் ஊமைப் படக் காலத்தில் ‘பென்ஷி’ என்று ஒரு தொழில் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் தன் குரலிலேயே பேசி, நடப்பதை விளக்கிச் சொல்வார். நடிகர்களுக்கு நிகராகப் புகழ் பெற்ற பென்ஷிகள் இருந்தார்கள். அவர்களுக்காகவே மக்கள் அரங்குக்குப் போனார்கள். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. தம்பிக்கு உலக சினிமாவைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் ஏறக்குறைய அழிந்தது. உங்கள் வீட்டில் அதற்கு இன்னும் தேவை இருக்கிறது. சப்டைட்டில் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டாம். அதுவே பேச்சை இரண்டு வரிக்குள் சுருக்கியதுதான். இவன் அவளுடைய கணவன், அவளுக்கு இவன்மேல் சந்தேகம், இப்போது கதவைத் திறக்கப்போகிறாள் என்று சொன்னால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பேசிக்கொண்டே பார்த்தால் படத்தின் மௌனம் கெட்டுவிடும் என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கு இந்த அரைக் காதிலும் கேட்கிறது. கெடட்டும். இருபது படத்தை இரண்டாக்குங்கள். நோட்டுப் புத்தகத்தில் அம்மாவின் நட்சத்திரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அவர் ‘சைக்கோ’வுக்கு ஐந்து போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதல் படமாக எதை வைப்பது என்று கேட்பீர்கள். ஓசு நெடுங்காலம் ஊமைப் படங்களை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய முதல் பேசும் கதைப்படம் 1936-இல் வந்த ‘ஒரே மகன்’. பட்டு ஆலையில் உழைத்து மகனைப் படிக்கவைத்த ஒரு தாய், பல ஆண்டுகள் கழித்து அவனைப் பார்க்க டோக்கியோவுக்குப் போகிறாள். மகன் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. இரவுப் பள்ளி ஆசிரியர். கையில் காசில்லை, கடன் வாங்கி அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறான். ஒருநாள் அவளை சினிமாவுக்கு அழைத்துப்போகிறான். ஜெர்மன் மொழிப் படம். இதுதான் பேசும் படம் அம்மா என்று பெருமையாகச் சொல்கிறான். அம்மா தூங்கிவிழுகிறாள்.

உங்கள் அம்மாவும் பாதியில் தூங்கிவிடலாம். அதனால் என்ன? படத்தை நிறுத்தாதீர்கள், எழுப்பவும் வேண்டாம். ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஹெட்போனைத் தேடி எழுந்து போனீர்கள் என்றால் விழித்துக்கொள்வார்.