பழைய வின்செஸ்டரா, புது ரைபிளா?

மான் வேட்டைக்கு முதல் ரைபிள் வாங்கப் போறேன், 1964க்கு முந்தின வின்செஸ்டர் மாடல் 70 ஒண்ணு 30-06 காலிபர்ல (தோட்டா அளவு) செகண்ட் ஹேண்ட்ல வருது, அதோட மரக்கட்டைக்கு (தோள்ல வச்சுப் பிடிக்கிற பாகம்) யாரோ புதுசா வார்னிஷ் அடிச்சிருக்காங்க, அதே விலைக்கு ஸ்கோப்போட புது ரைபிளே கிடைக்குது, எதை எடுக்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

வேட்டை மட்டும்தான்னா புதுசே போதும்ங்க. மரக்கட்டை ஈரத்துல உப்பி பேரலை (குண்டு போற குழாய்) முட்டுச்சுன்னா குறி நகந்துரும், பிளாஸ்டிக் மாதிரி சிந்தெட்டிக் கட்டையில அந்தத் தொல்லை கிடையாது, ட்ரிக்கரையும் பெரும்பாலும் நாமளே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.

அப்போ பழசுக்கு ஏன் இவ்வளவு மவுசு? மவுசர் 98ங்கிற பழைய ஜெர்மன் ரைபிள்ல இருக்கிற மாதிரி, தோட்டாவை வெளிய இழுக்கிற பெரிய கொக்கி (எக்ஸ்ட்ராக்டர்) அதுல இருக்கு, மேகசின்ல இருந்து தோட்டா மேல வரும்போதே கவ்விப் பிடிச்சுக்கும். தயாரிப்புச் செலவைக் குறைக்க 1964ல அதைத் தூக்கிட்டாங்க, அதனாலதான் முந்தினதுக்குத் தனி விலை.

ஆனா அந்த விலை ஒரிஜினலா இருக்கிறதுக்குத்தான். வார்னிஷ் அடிச்சது, ஸ்கோப்புக்காக எக்ஸ்ட்ரா ஓட்டை போட்டது எல்லாம் கலெக்டருங்க பெருசா சீந்த மாட்டாங்க, சுடுறதுக்கு ஒரு குறையும் இருக்காது, அதனால விலை குறைஞ்சு கிடைச்சா வேட்டைக்காரனுக்கு லாபமே இந்த மாதிரி துப்பாக்கிதான். விக்கிறவர் ஒரிஜினல் ரேட்டே சொன்னா பேசாம வந்துருங்க.

பாக்கப் போனா முதல்ல போல்ட்டைத் (பின்னாடி இழுக்கிற இரும்புத் தண்டு) திறந்து சேம்பர் (தோட்டா உக்காருற அறை), மேகசின் ரெண்டும் காலியான்னு விரல் விட்டே பாருங்க. பேரலைத் துடைக்கச் சொல்லிட்டு அப்புறம் லைட் அடிச்சுப் பாருங்க, எண்ணெய் தடவி வச்சா துருக்குழி மறைஞ்சுரும், பழைய தோட்டாங்களோட ப்ரைமர் (பத்த வைக்கிற மருந்து) எரிஞ்ச உப்பு அரிச்சு விட்டுட்டுப் போன குழி சேம்பருக்கு முன்னாடிதான் அதிகம். பேரல் முனை அடிபட்டிருக்கக் கூடாது. கட்டையில போல்ட்டுக்குப் பின்னாடி விரிசல் இருக்கான்னு பாருங்க. காலியா வச்சே சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்து விடுங்க, அப்புறம் சேஃப்டிய எடுக்கும்போது டிக்குனு விழுந்துச்சுன்னா ட்ரிக்கர்ல கோளாறு.

ஹெட்ஸ்பேஸ் (போல்ட் மூடினப்போ தோட்டாவுக்குக் கிடைக்கிற இடம்) மட்டும் கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) பாக்கணும், அதுக்கு கேஜ்னு ரெண்டு அளவுக் கட்டை இருக்கு, கோ கேஜ் போட்டா போல்ட் மூடணும், நோ-கோ போட்டா மூடக் கூடாது. லைசென்ஸ் பேப்பர்ல இருக்கிற சீரியல் நம்பரும் துப்பாக்கியில இருக்கிறதும் ஒத்துப் போகணும்.

கேஜ் போட விடமாட்டேன்னு விக்கிறவர் இழுத்தாருன்னா யோசிக்கவே வேணாம், புதுசை எடுத்துருங்க.